பத்து நிமிட மந்தம்

மித்தி ஆற்றோரம் இருபத்துமூன்று பெட்டிகள்.
சோப்பு டப்பா அளவு.
உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சில்லு,
தண்ணீர் எத்தனை அடி என்று பார்க்க ஒற்றைக் கண்.
குர்லாவிலிருந்து மாகிம் பாலம் வரை
கம்பத்திலும் குழாயிலும் கட்டியவள் நான்.
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்:
"அக்கா, இதுல படம் தெரியுமா?"

தெரியாது. இது பெரும்பாலும் தூங்கும்.

நிமிடத்தில் ஐம்பத்தெட்டு நொடி தூக்கம்.
மிச்சம் இரண்டில்
ஆற்றைப் பார்க்க வேண்டும்,
பின்னால் இருப்பது சொல்வதை வாங்கி
முன்னால் இருப்பதிடம் சேர்க்க வேண்டும்,
மறுபடி மூட வேண்டும்.
அப்படி இருந்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும்.

பேசினால்தான் பேட்டரி தீரும் என்று
வேலைக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன்.
மீட்டர் வைத்து அளந்த அன்றுதான் தெரிந்தது:
யாருமே பேசாத நேரத்தில்
யாராவது பேசுவார்களோ என்று
காதைத் திறந்து வைத்திருப்பதற்கும்
கிட்டத்தட்ட அதே செலவு.

சுடலைமுத்துவிடம் சொன்னேன்.
சோற்றைப் பிசைந்துகொண்டே,
"இதுக்கு மீட்டர் வேறயாட்டி?" என்றான்.

அவனுக்கு விமான நிலைய சரக்குக் கிடங்கில் இரவு வேலை.
எனக்குப் பகல்.
தாராவி மாடியறையில் பாய் ஒன்றுதான்,
அது காலியாக இருந்ததே இல்லை.
இடையில் நாற்பது நிமிடம் இருவரும் விழித்திருப்போம்;
அதில் பாதி தண்ணீர் பிடிக்கப் போய்விடும்.
மற்றபடி மிஸ்டு கால்தான்.
ஒரு ரிங்: மாகிமில் இறங்கிவிட்டேன்.
இரண்டு ரிங்: இன்றைக்கு ஓவர்டைம்.
மூன்றாவதை வைக்க எங்களிடம் விஷயம் இல்லை.

ஒன்பதாம் பெட்டி நாலு மாதத்தில் செத்தது.
பம்ப் ஹவுஸ் மாடியில் இருக்கும் ஏற்பிக்கு
அதுதான் மிக அருகில்.
மற்றதெல்லாம் தன் எண்ணை மட்டும் சொல்ல,
இது எல்லார் எண்ணையும் சுமந்தது.
"புது பேட்டரி போடுங்க" என்றார் மேலாளர்.
போட்டேன். அதுவும் செத்தது.
பிறகு எட்டையும் பதினொன்றையும் சேர்த்துவிட்டேன்,
முறைவாசல் மாதிரி.
ஒரு நாள் நீ, ஒரு நாள் அது;
யாராவது ஒருவர் விழித்திருந்தால் போதும்,
தெரு அறுந்துபோகாது.

இன்னொரு தொல்லை, கடிகாரம்.
ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்று.
வெயில்பட்ட தகரத்தில் இருப்பது ஒரு பக்கம் விலகும்,
பாலத்தடியில் இருப்பது வேறு பக்கம்.
ஒருவர் பேசும் நொடியில்
மற்றவர் கண்மூடியிருப்பார்.
கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்க முடியாது,
திருத்தவும் பேச வேண்டும்.
ஆகவே எழுதிவைத்தேன்:
சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே விழி.
கடந்த பிறகும் கொஞ்சம் இரு.

ஜூலையில் அந்த இரவு.
மாலையிலேயே கரண்ட் போய்விட்டது.
தண்டவாளத்தில் இடுப்பளவு என்றார்கள்,
ரயில் எங்கும் ஓடவில்லை.
போனில் ஆறு சதவீதம்.
அவனுடையதில் அதைவிடக் குறைவாம்,
பேச்சு அத்தோடு அறுந்தது.
மழைநாளுக்கென்று பேசிவைத்த ஏற்பாடு ஒன்று உண்டு:
அணைத்துவிடுவது, மணிக்கொருமுறை திறப்பது,
ஐந்தே நிமிடம்.

பதினொன்றுக்குத் திறந்தேன். இல்லை.
பன்னிரண்டுக்கு. இல்லை.
ஒன்றுக்கு, திறந்ததற்கே ஒரு சதவீதம் போனது.
கீழ்வீட்டு ரபியா பாய் தன் சாமான்களை
எங்கள் படியில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.
ஆறு எத்தனை அடி என்று என்னைக் கேட்டாள்.
எனக்கே தெரியவில்லை.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே திறந்தேன்.
இரண்டு. இரண்டு ஐந்து.
அணைத்திருக்க வேண்டும்.
அவன் கையில் கட்டியிருப்பது
கல்யாணத்துக்கு என் அண்ணன் கொடுத்த வாட்ச்,
அன்றிலிருந்தே மந்தம்.
இரண்டு எட்டு.
திரையில் ஒன்று என்று மட்டும் மிச்சம்.
இரண்டு பதினொன்று.

ஒரு ரிங்.

அறுந்தது.

ரயில் இல்லாத மாகிமில்
எதிலிருந்து இறங்கினான் என்று கேட்கவில்லை.
போனை அணைத்தேன்.
இருட்டில் தடவி அடுப்பைப் பற்றவைத்தேன்,
ரபியா பாய்க்கும் சேர்த்து
மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றினேன்.